எடுத்தது எந்தப் பை

எனக்குக் கர்ப்பப்பை இல்லை என்கிற விஷயத்தை நானே இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரும் நேரில் கேட்டவர் இல்லை. சாத்தூரில் அவருடைய அண்ணி கேட்டு, அவரிடம் சொல்லி, அவர் என்னிடம் சொன்னார். அதனால் யார் எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் காதால் கேட்டதைத் தனியாகவும் கேள்விப்பட்டதைத் தனியாகவும் சொல்கிறேன்.

இல்லை அக்கா, அதிரசம் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் வளைகாப்புக்குக் கொண்டுபோகிறதில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினீர்கள், அந்த மனசு போதும். எண்ணெயில் பொரித்தது எனக்கு ஆகாது. பித்தப்பை எடுத்தாகிவிட்டது என்றுதான் சொன்னேன். நீங்கள் முதலில் என் வயிற்றைப் பார்த்தீர்கள். அப்புறம் கழுத்தைப் பார்த்தீர்கள். "அய்யோ, கல்யாணமே ஆகலையே, அதுக்குள்ள பையை எடுத்துட்டாங்களா" என்றீர்கள். நீங்களும் அந்தச் சொல்லில் பின்பாதியை மட்டும்தான் கேட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

அது வேறு பை, இது வேறு பை. இது கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கத்தரிப்பிஞ்சு அளவுதான் இருக்குமாம். கல்லீரல் சுரக்கிற பித்தநீரை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, நாம் எண்ணெயோ நெய்யோ சாப்பிட்டால் அளந்து விடும். எனக்கு அதற்குள் கல் சேர்ந்துவிட்டது. வலது விலாவுக்குக் கீழே பிடித்தால் முதுகு வரைக்கும் இழுக்கும். மதுரையில் ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. செப்டம்பர் மாதம். கணக்குத் தாக்கல் செய்கிற நெருக்கடி. லீவு கேட்கப் பயந்துகொண்டு வாயு மாத்திரையாக வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். கண் மஞ்சளாகத் தெரிந்த அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு அதன் வழியாகவே எடுத்துவிட்டார்கள். கல்லையெல்லாம் ஒரு பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பார்க்க மிளகு மாதிரி இருந்தது. அம்மா அதைச் சாமி அலமாரியில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். "தூக்கிப் போட மனசு வரல, உன் வயித்துல பிறந்ததுல்ல" என்கிறார்.

டாக்டர் சொன்னார், "பித்தப்பை இல்லாமலே நூறு வயசு வரைக்கும் இருக்கலாம்மா." அதில் பொய் இல்லை. நான் எல்லா இடத்திலும் தேடிப் படித்துவிட்டேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நான் அந்தப் பெரும்பாலானவர்களில் இல்லை, அவ்வளவுதான்.

எப்படிச் சொல்வது, கூச்சமாக இருக்கிறது. நீங்கள் பெண்பிள்ளை, சொல்லலாம். நெய் ஊற்றிய தோசை, பரோட்டா, ஆபீசில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் வெட்டுகிற கேக், எதுவானாலும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு கலக்கிக்கொண்டு வந்துவிடும். தள்ளிப்போட முடியாது. சேர்த்து வைக்கிற இடம் இல்லாததால் பித்தநீர் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்குமாம். அது பெருங்குடலுக்குப் போனால் அங்கே எரிச்சல் கொடுத்துத் தண்ணியாகப் போக வைக்குமாம். மதுரையிலிருந்து எங்கள் ஊர் அருப்புக்கோட்டை வரைக்கும் எந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறையைப் பூட்டாமல் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆடிட்டுக்கு ஒரு கம்பெனிக்குப் போனால் அவர்கள் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குச் சாப்பிட மாட்டேன். டிரைவர் பக்கத்து சீட்டாகப் பார்த்து உட்காருவேன். துவரங்குறிச்சியில் நிற்குமா என்று கண்டக்டரிடம் அதற்காகத்தான் கேட்டேன். அவர் என்னை முறைத்தார், பார்த்தீர்களா?

தையல் பிரித்த பிறகு ஒரு தடவை காட்டப் போனபோது டாக்டர் கேட்கத்தான் செய்தார். "எல்லாம் நார்மலா போகுதா?" பக்கத்தில் கம்பவுண்டர் நின்றார். கதவோரம் அடுத்த நோயாளி நின்றார். "போகுது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படித்தவள் நான். டாக்டர் முன்னால் எப்படிப் பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சொல்ல வந்தது அதில்லை. அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அப்பாவுடைய அக்கா, எனக்குப் பெரிய அத்தை, கொஞ்ச காலம் மனம் சரியில்லாமல் இருந்தவர். தெருவில் 'பித்துப் பிடிச்சவ' என்பார்கள். அந்தப் பேச்சால் சின்ன அத்தைக்கு வந்த வரனெல்லாம் தட்டிப் போனதாம். இது கேள்விப்பட்டது. நேரில் பார்த்தது என்னவென்றால், ஆபரேஷன் முடிந்து நான் வீட்டில் படுத்திருந்தபோது எதிர்வீட்டுக்காரர் ஒருவர் ஆப்பிளோடு பார்க்க வந்தார். "பித்தப்பையை எடுத்துட்டா, பித்தம் எங்க போய்த் தங்கும்? தலைக்குத்தான் ஏறும்" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மா நைட்டி தைத்துக் கொடுக்கிறவர். வெட்டுவது அவருக்குக் கை வந்த வேலை. அன்றிலிருந்து அந்தச் சொல்லின் முன்பாதியை வெட்டிவிட்டார். யாராவது கேட்டால், "சின்ன ஆபரேஷன்தான். பையை எடுத்துட்டாங்க." அதற்கு மேல் பேச்சில்லை. பித்து என்கிற சத்தம் வராமல் இருந்தால் போதும், மானம் தப்பியது என்று நினைத்தார். மிச்சம் இருக்கிற 'பை' எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயில் எந்தப் பை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். எத்தனையோ பேரைப் பற்றி அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆகாத பிள்ளையைப் பற்றி யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள் என்று இருந்துவிட்டார். நானும் இருந்துவிட்டேன். எனக்கும் கழிப்பறை விஷயம் வெளியே வராமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் சாத்தூர் வரன் வந்தது. பேர் செண்பகராஜ். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இவ்வளவு நாள் ஏன் பண்ணவில்லை என்று அப்பா தரகரிடம் கேட்டார். "தகப்பன் இல்லாத வீடு. தங்கச்சியக் கட்டிக் குடுத்துட்டுப் பண்ணிக்கிருவோம்னு இருந்தாப்ல" என்றார் தரகர். சரியான பதிலாகத்தான் இருந்தது.

அவரும் அவருடைய அம்மாவும் தரகரும் வந்தார்கள். வழக்கம்போல பஜ்ஜியும் கேசரியும். நான் முந்தின நாளிலிருந்தே மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டுத் தயாராக இருந்தேன். தட்டைக் கொடுத்தேன், கும்பிட்டேன், உட்கார்ந்தேன். எல்லாம் நல்லபடியாகப் போனது. அப்போது அவருடைய அம்மா தன் தட்டிலிருந்த கேசரியை ஒரு ஸ்பூன் எடுத்து, "நீயும் வாயை இனிப்பாக்கிக்கம்மா" என்று ஊட்ட வந்தார். எப்படி அக்கா வேண்டாம் என்பது? வாங்கிக்கொண்டேன். விடவில்லை, இன்னொரு ஸ்பூன். அம்மா அன்றைக்கென்று நெய்யை மிதக்க விட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் கழிப்பறை, கூடத்தை ஒட்டியே இருக்கிறது. தகரக் கதவு. உள்ளே இருமினால் வெளியே கேட்கும். அவர்கள் அப்பாவிடம் தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து ஓட வேண்டியதாகிவிட்டது. உள்ளே உட்கார்ந்து அழுதேன். எல்லாம் கேட்டிருக்கும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது திடீரென்று டிவி சத்தம் பெரிதாகக் கேட்டது. அதுவரை டிவி சத்தமில்லாமல் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெங்காய விலை நிலவரம் என்று ஒரு பெண் வீடே அதிர வாசித்துக்கொண்டிருந்தாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் ரிமோட் அவர் கையில் இருக்கிறது. என் பக்கம் திரும்பவே இல்லை. "வெங்காயம் ஏறிருச்சு போல மாமா" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இது யாருக்குத் தோன்றும் அக்கா? நீங்களே சொல்லுங்கள். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதற்குப் பெரிய பேரெல்லாம் வைக்க மாட்டேன். இந்த மனிதர் வீட்டில் எனக்குக் கூச்சம் இருக்காது என்று தோன்றியது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இந்த வரன் அமைந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்ட மாதிரி நான் பரீட்சைக்குக்கூட வேண்டிக்கொண்டதில்லை.

நான் உள்ளே இருந்தபோது வெளியே நடந்ததை அம்மா பிறகு சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார், "பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?" அம்மா பதறிப்போய், "ஒண்ணுமில்ல மதினி, பையை எடுத்ததுலருந்து வயிறு அப்பப்ப இப்படிப் பண்ணும்" என்றிருக்கிறார். "பையா? எப்ப?" "அது ஆச்சு ரெண்டு வருஷம். பயமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு." அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தாராம். மகனைப் பார்த்தாராம். மகன் தலையைக் குனிந்துகொண்டாராம்.

இனி நான் நேரில் கண்டது. நான் வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா எழுந்து வந்து என் தலையில் பூ வைத்தார். கன்னத்தைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு" என்றார், மெதுவாக. அவர் மகனும் நானும் ஏறக்குறைய ஒரே உயரம். உயரத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "எங்களுக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம். பொண்ணு வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா அன்றைக்கு முழுக்க வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை அவ்வப்போது போன் செய்வார். அதிகம் பேசத் தெரியாது. "சாப்டீங்களா?" என்பார். அது எல்லாரும் கேட்பது. அடுத்து, "வயிறு எப்படி இருக்கு?" என்பார். அதை அவர் ஒருவர்தான் கேட்டார்.

கொட்டாம்பட்டி தாண்டிவிட்டோமா? சரி.

எங்கள் ஆபீசில் பாக்கியம் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். பிறந்த ஊர் சாத்தூர். ஊருக்குப் போய்விட்டு வந்தவர், ஒரு மத்தியானம் என் மேஜைப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் மாமியாருக்குப் பெரிய மனசுடி" என்றார். எதற்கு என்றேன். "என்கிட்ட ஏன் மறைக்கிற? கர்ப்பப்பை இல்லாத பொண்ணுன்னு தெரிஞ்சேதான எடுக்குறாங்க. எங்கண்ணி சொன்னாக. ஊரே பேசுது, இந்தக் காலத்துல யாரு இப்படி எடுப்பான்னு." நான் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஏதோ ஒரு தொகை பாதியில் நின்றது. அது எந்தக் கம்பெனிக் கணக்கு என்றுகூட மறந்துவிட்டது.

வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நான் எங்கடி கர்ப்பப்பைன்னு சொன்னேன்? பைன்னுதான சொன்னேன்!"

அப்பா சொன்னார், "அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை இருக்குல்ல, அதையும் சேத்துச் சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"சொன்னா பித்துன்னுருவாக."

"இப்ப மட்டும் மகராசின்னா சொல்றாக?"

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே தேறிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, விடு. அவுகதான் ஒத்துக்கிட்டாகள்ல. கல்யாணம் முடியட்டும். பிறகு தெரிஞ்சா சந்தோஷந்தான படுவாக? குறையா இருக்குன்னு நெனச்சது நிறைவா இருந்தா யாரு வருத்தப்படுவா?" என்றார்.

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று உங்களுக்கும் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் என் வேலை அப்படி. கணக்கில் ஒரு தொகை கூடுதலாக இருந்தாலும் தவறு தவறுதான். அந்த மனிதர் எனக்காக டிவி சத்தத்தைக் கூட்டியவர். அவரிடம் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எப்படிப் போய் உட்காருவது? அதுவும் இல்லாத குறை. அவர் என்னைப் பரிதாபப்பட்டு எடுத்துக்கொண்டார் என்று ஊர் பேசுமே. அது எனக்குப் பொறுக்கவில்லை. "உண்மையைச் சொல்லிருவோம்" என்றேன். "எப்படி நம்புவாக?" என்றார் அம்மா. அப்பா சொன்னார், "முதல் பட்டதாரின்னு தாசில்தார்கிட்ட சர்டிபிகேட் வாங்குனோம். இதுக்கு யாருகிட்டப் போறது?"

டாக்டரிடம்தான் போனேன். ஸ்கேன் எழுதிக் கொடுங்கள் என்றேன். எதற்கு என்றார். கர்ப்பப்பை இருக்கிறதா என்று பார்க்க என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வேறு வழியில்லாமல் கேசரியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு வருஷமா இப்படிப் போகுதா? ஏம்மா அப்பவே சொல்லல? இதுக்கு மருந்து இருக்கு" என்றார். தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற ஒரு பொடி. மணல் மாதிரி இருக்கும். மற்ற மாத்திரை எதையும் அதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. வருஷக் கணக்கில் சாப்பிட்டால் சில வைட்டமின் குறையலாம், அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். முழுசாக நிற்கவில்லை. ஆனால் பரவாயில்லை, ஓட்டம் குறைந்திருக்கிறது. சொல்லியிருந்தால் முதல் மாதமே கிடைத்திருக்க வேண்டிய மருந்து. அந்தக் கேசரிக்கு நான் எழுந்து ஓடியே இருக்க மாட்டேன். அதை நினைத்தால் அசதியாக இருக்கிறது.

ஸ்கேனும் எடுத்தேன். கர்ப்பப்பை இயல்பான அளவு, குறை எதுவும் இல்லை என்று வந்தது. அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். கூடவே ஆபீஸ் பாணியில், 'தங்கள் இல்லத்தில் ஒரு தவறான தகவல் நிலவுவதாக அறிகிறேன், என்னிடமிருந்து அகற்றப்பட்டது பித்தப்பை மட்டுமே' என்று எழுதினேன். சிரிக்காதீர்கள். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை. சாயங்காலம் போன் வந்தது.

இதை மட்டும் அவர் சொன்னபடியே சொல்கிறேன். இது என் காதால் கேட்டது.

"பாத்தேங்க" என்றார். பின்னால் கடையில் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம். அதை நிறுத்தச் சொன்னார். "உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கு. சந்தோஷம். நானும் ஒண்ணு சொல்லணும். பன்னெண்டாவது படிக்கயில எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய மனிதர், இவ்வளவு தயங்கிவிட்டு இதைச் சொல்கிறாரே என்று. "தங்கம் போட்டா வீக்கம் வத்தும்னு கழுத்துல செயின் போட்டு விட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா, அம்மா அவங்க செயினைக் கழட்டிப் போட்டு விட்டாங்க. ஆனா கன்னத்தோட நிக்கலங்க. ரெண்டு பக்கமும் கீழ இறங்கிருச்சு."

"நல்லவேளை" என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னேன். பிறகு கேட்டார், "உங்களுக்குக் குழந்தைங்கன்னா பிடிக்குமா?"

ஸ்கேனைப் பார்த்த பிறகும் இவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்று நினைத்தேன். தீர்த்துவிட வேண்டும் என்று, "ரொம்பப் பிடிக்கும். ரெண்டு பிள்ளையாச்சும் வேணும்னு ஆசை. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், பித்தப்பை இல்லாததால குழந்தை பெத்துக்கறதுக்கு ஒரு தடையும் இல்லன்னுட்டாரு" என்றேன். நான் டாக்டரிடம் அதையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். எதையும் அரைகுறையாகச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"அப்ப உங்களுக்கு மேல டேங்க் மட்டுந்தான் இல்ல" என்றார். "மோட்டாரெல்லாம் நல்லா இருக்கு."

நன்றாகச் சொன்னார் என்று சிரித்தேன். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. "சரிங்க. நல்லா இருங்க. அந்தப் பொடியை மறக்காமச் சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். விஷயம் தெளிவாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அம்மாவிடம் போய், பார்த்தீர்களா, உண்மையைச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்றுகூடச் சொன்னேன்.

அந்த வாரமே தரகர் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஜாதகத்த இன்னொரு எடத்துல குடுத்துப் பாத்திருக்காக. ஒத்து வரலையாம்" என்றார்.

என் வருத்தம் இதுதான் அக்கா. பை இல்லை என்று நினைத்தபோது பூ வைத்தார்கள். பை இருக்கிறது என்று காட்டினதும் ஜாதகம் ஒத்து வரவில்லை. இது என்ன நியாயம்? பொய் சொன்ன வீடு என்று நினைத்தார்களா? நாங்கள் பொய் சொல்லவில்லையே, பாதிதானே சொன்னோம். அந்தப் 'பித்த' என்கிற சொல்லைப் பார்த்துப் பயந்துவிட்டார்களா? பெரிய அத்தை கதை யாராவது சொல்லிவிட்டார்களா? தடை இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லையா? இதையேதான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். நானே ஒரு தடவை போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாவது தடவை செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அம்மா இன்றைக்கும் அந்த ஸ்கேனைத்தான் திட்டுகிறார். "படிச்சவன்னு காட்டிட்டாள்ல" என்கிறார். அதற்குப் பிறகு வந்த வரன்களிடம் அம்மா முழுச்சொல்லையும் சொல்லிவிடுகிறார். "பித்தப்பைங்க, பித்தப்பை. கர்ப்பப்பை இருக்கு." அவர்கள் காப்பி குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

அந்தச் சாத்தூர்க்காரருக்குப் போன வைகாசியில் கல்யாணம் ஆகிவிட்டது. பாக்கியம் அக்கா போய்விட்டு வந்தார். பெண்ணுக்கு இது இரண்டாவது கல்யாணமாம். முதல் கல்யாணத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தை இருக்கிறதாம். "தாலி கட்டுறப்பக்கூட அந்தப் பிள்ள அவன் மடிய விட்டு எறங்கலடி. அவன் மூஞ்சியப் பாக்கணுமே" என்றார். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தையோடு இருக்கிற பெண்ணை ஏற்றுக்கொள்கிற மனசு இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு என்னிடம் மட்டும் என்ன குறை தெரிந்தது?

விராலிமலை வந்துவிட்டது அக்கா. உங்கள் பை. மேலே ஒன்று இருக்கிறது, இருங்கள், எடுத்துத் தருகிறேன். மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் இறங்கிப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் உங்களிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி, "ஏம்மா, அந்தப் பையனுக்கு மீசை முளைச்ச பிறகா அது வந்துச்சு?" என்று கேட்டீர்கள். பன்னிரண்டாவது படிக்கும்போது என்று சொன்னேனே அக்கா என்றேன். "அடப்பாவமே" என்றீர்கள். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். யாரைப் பாவம் என்றீர்கள் என்று கேட்க முடியவில்லை.

திருச்சியில் இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்தேன். ஓர் இடத்தில் படித்ததை நம்பாமல் மூன்று நான்கு இடத்தில் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒன்றுதான் இருக்கிறது. சின்ன வயதில் வருகிற பொன்னுக்குவீங்கி பெரும்பாலும் கன்னத்தோடு போய்விடும். மீசை முளைத்த பிறகு வந்தால் சிலருக்கு அது விரைக்கு இறங்கும். பொதுவாக ஒரு பக்கம்தான் இறங்கும். இரண்டு பக்கமும் இறங்கினால், எல்லாருக்கும் இல்லை, சிலருக்குக் குழந்தை பிறக்காமல் போகலாம்.